ஐ சிங்: மாறும் கோடுகளை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ சிங் படிக்கத் தொடங்கும் யாரும் முதல் வாரம் உற்சாகமாக இருப்பார்கள். இரண்டாம் வாரம் என்னிடம் வந்து நிற்பார்கள். "அக்கா, கோடு மாறுதுங்கிறாங்க, மாறினா எதைப் படிக்கிறது?" கேள்வி எப்போதும் இதுதான், கேட்கும் ஆள்தான் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஐ சிங்னா என்ன? எனக்கு ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லுங்க.

சீனாவின் மிகப் பழைய குறி நூல். 'மாற்றங்களின் நூல்' என்று பொருள். இதன் மூலப் பகுதி மேற்கு ஜோவ் அரசர்கள் காலத்தில், சுமார் 2800 ஆண்டுகளுக்கு முன் உருவானது என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. பின்னால் எழுதப்பட்ட விளக்கங்கள் பத்துப் பகுதிகளாக அதனுடன் சேர்ந்தன.

முழுக்கோடு யாங், நடுவில் உடைந்த கோடு யின். ஆறு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு குவா. மொத்தம் 64 குவாக்கள். ஒவ்வொரு குவாவுக்கும் பொதுவாக ஒரு வாசகம் உண்டு, அதைக் குவா வாசகம் என்று சொல்லப் போகிறேன். ஆறு கோடுகளுக்கும் தனித்தனி வாசகமும் உண்டு, அது கோட்டு வாசகம். ஆக 64 குவா வாசகங்கள், 384 கோட்டு வாசகங்கள். இன்னும் இரண்டு உபரி வாசகங்களும் இருக்கின்றன. ஆறு கோடும் மாறுவதைப் பற்றிய கேள்வியில் அவை வரும்.

சீனக் கோயில்ல மூங்கில் குச்சியைக் குலுக்குறாங்களே, அதுதானே இது?

இல்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்திலேயே குவான் இம் கோயில் இருக்கிறது. அங்கே குடுவையைக் குலுக்கி, ஒரு குச்சி தானாக வெளியே விழுந்ததும் அதிலுள்ள எண்ணுக்குரிய சீட்டை வாங்கிப் படிப்பார்கள். அது தெய்வத்திடம் வாங்கும் சீட்டு. ஒரு எண், ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

ஐ சிங்கிலும் குச்சி உண்டு, ஆனால் குலுக்குவதில்லை, எண்ணுகிறோம். எண்ணி எண்ணி ஆறு கோடுகளை நாமே கட்டுகிறோம். அந்தக் கோடுகளில் சில மாறக்கூடியவையாக இருக்கும். சீட்டில் அப்படி எதுவும் கிடையாது.

மாறும் கோடுன்னா எது? எல்லாக் கோடும் மாறுமா?

எல்லாம் மாறாது. ஒவ்வொரு கோட்டையும் கட்டும்போது 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒரு எண் கிடைக்கும். 7 இளம் யாங், 8 இளம் யின். இரண்டும் அப்படியே நிற்கும். 9 முதிர்ந்த யாங், அது யின்னாக மாறும். 6 முதிர்ந்த யின், அது யாங்காக மாறும். காய் கிளையில் நிற்கும், பழுத்தது உதிரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்த வடிவம் மூலக் குவா. 6-ஐயும் 9-ஐயும் திருப்பிப் போட்டபின் கிடைப்பது மாறிய குவா.

நூலைப் பிரித்தால் ஒன்று கண்ணில் படும். யாங் கோடுகள் அத்தனைக்கும் தலைப்பில் 'ஒன்பது' என்றும், யின் கோடுகள் அத்தனைக்கும் 'ஆறு' என்றும்தான் போட்டிருக்கும். 7, 8 என்ற தலைப்பில் ஒரு வாசகம்கூட இல்லை. கோட்டு வாசகங்கள் மாறும் கோடுகளுக்காகவே இருக்கின்றன என்பதை நூலின் அமைப்பே சொல்லிவிடுகிறது. மாறாத கோடுகளின் வாசகங்களையும் வரிசையாகப் படித்துக் குழம்பாதீர்கள்.

காசு போட்டுப் பார்க்கிறது எப்படி? தலைக்கு எத்தனை, பூவுக்கு எத்தனை?

மூன்று காசுகளைச் சேர்த்துப் போடுங்கள். தலைக்கு 3, பூவுக்கு 2. கூட்டினால் ஒரு கோடு. மூன்றும் தலை என்றால் 9. மூன்றும் பூ என்றால் 6. இரண்டு தலை, ஒரு பூ என்றால் 8. இரண்டு பூ, ஒரு தலை என்றால் 7. ஆறு முறை போட்டால் குவா ரெடி.

எந்தப் பக்கத்துக்கு 3 என்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காசு கையைவிட்டுப் போகும் முன் முடிவு செய்துவிடுங்கள். விழுந்தபின் எண்ணை மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

கீழேயிருந்து எழுதணுமா, மேலேயிருந்தா?

கீழேயிருந்து. முதல் முறை போட்டது அடிக்கோடு, ஆறாவது உச்சிக்கோடு. தலைகீழாக எழுதினால் பெரும்பாலும் வேறு குவா வந்துவிடும். கீழ் மூன்று கோடுகள் உள் பாதி, மேல் மூன்று வெளிப் பாதி. மூன்று கோடுகளின் அமைப்பைப் பொறுத்து ஒவ்வொரு பாதிக்கும் காற்று, மண், வானம், மலை என்று ஒரு பெயர் உண்டு.

காசு போதுமா, குச்சிதான் உசத்தியா?

உயர்வு தாழ்வு பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

குச்சி முறையில் 50 குச்சிகள். பழைய வழக்கப்படி ஷி என்ற செடியின் காய்ந்த தண்டுகள். நான் மெல்லிய மூங்கில் குச்சிகளில் பழகினேன். ஒன்றை ஓரமாக வைத்துவிட வேண்டும், கடைசிவரை அதைத் தொடுவதில்லை. மீதி 49-ஐக் கண்ணளவில் இரண்டாகப் பிரித்து, வலப்பக்கக் கட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இடது கைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே செருக வேண்டும். பிறகு இரு கட்டுகளையும் நான்கு நான்காக எண்ணி, கடைசியில் மிஞ்சுவதை அடுத்தடுத்த விரலிடுக்குகளில் வைக்க வேண்டும். நான்கே மிஞ்சினால் அந்த நான்கையும் வைக்க வேண்டும். விரலிடுக்கில் சேர்ந்தது 5 அல்லது 9 இருக்கும். வேறு எண் வந்தால் எங்கோ தப்பாக எண்ணியிருக்கிறீர்கள். அதை ஒதுக்கிவிட்டு மீதியில் இன்னும் இரண்டு முறை இதே வேலை. அப்போது ஒதுங்குவது 4 அல்லது 8. கையில் எஞ்சிய குச்சிகளை நான்கால் வகுத்தால் 6, 7, 8, 9-ல் ஒன்று வரும். அது ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு மூன்று முறை, முழுக் குவாவுக்குப் பதினெட்டு முறை எண்ண வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரமும் கேள்வி மனதில் ஊறிக்கொண்டே இருக்கும். குச்சியை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கணக்கிலும் வித்தியாசம் உண்டு. காசில் 6 வரும் வாய்ப்பும் 9 வரும் வாய்ப்பும் சமம், எட்டில் ஒன்று. குச்சியில் 9 வருவது பதினாறில் மூன்று, 6 வருவது பதினாறில் ஒன்று. அதாவது குச்சியில் யாங் எளிதில் மாறும், யின் அவ்வளவு லேசில் அசையாது. ஒரு கோடு மாறும் வாய்ப்பு மொத்தத்தில் இரு முறையிலும் நான்கில் ஒன்றுதான்.

ஒரே ஒரு கோடு மாறினா எதைப் படிக்கணும்?

மூலக் குவாவில் அந்தக் கோட்டின் வாசகத்தை. இதுதான் ஆகத் தெளிவான நிலை.

பழைய உதாரணம் ஒன்று. 'வசந்த இலையுதிர் காலம்' எனப்படும் பழைய சீன வரலாற்றுக் காலத்தின் செய்திகளைச் சொல்லும் 'சுவோ ஜுவான்' என்ற வரலாற்று நூலில், கி.மு. 672-ஆம் ஆண்டுப் பதிவில் வருகிறது. சென் நாட்டு அரசருக்கு ஒரு மகன். அவன் சிறுவனாக இருந்தபோது, ஜோவ் அரசவையிலிருந்து வந்த எழுத்தர் அவனுக்காகக் குறி பார்த்தார். வந்தது 20-ஆம் குவா, 'நோக்குதல்'. அதில் நான்காம் கோடு மாறி 12-ஆம் குவா 'அடைப்பு' ஆகிறது. நம் காசுக் கணக்கில் எழுதினால் கீழிருந்து 8, 8, 8, 6, 7, 7.

எழுத்தர் உடனே எடுத்தது நோக்குதலின் நான்காம் கோட்டு வாசகத்தை: நாட்டின் ஒளியைக் காண்பது, அரசனிடம் விருந்தாளியாய் இருப்பது நன்று. 'விருந்தாளி' என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். இவன் ஒரு நாட்டைப் பெறுவான், ஆனால் இங்கே அல்ல, வேற்று நாட்டில். இவன் காலத்திலும் அல்ல, சந்ததியில் என்றார். மகன் வளர்ந்து ச்சி நாட்டுக்குத் தப்பி ஓடினான். அவன் வழிவந்த தியென் குடும்பம் பின்னாளில் ச்சி நாட்டையே கைப்பற்றியது. கி.மு. 386-இல் ஜோவ் மன்னரே அதை ஏற்றுக்கொண்டார். வரலாறு தெரிந்தபின் பதிவை எழுதியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. நமக்கு இங்கே வேண்டியது எழுத்தர் படித்த முறை.

ரெண்டாவது குவாதானே எதிர்காலம்? நான் நேரா அதைத்தான் பார்ப்பேன்.

இந்த ஒரு பழக்கத்தை விட்டால் பாதிக் குழப்பம் தீரும். 'முதல் குவா இன்றைய நிலை, இரண்டாவது நாளைய நிலை' என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் எளிய சூத்திரம். மேலே சொன்ன எழுத்தர் அப்படிப் படிக்கவில்லை. 12-ஆம் குவாவின் வாசகம் நல்லதாக இல்லை, அடைப்பைப் பற்றியே பேசுகிறது. அதை எதிர்காலம் என்று எடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்குக் கெட்ட சேதிதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் அந்த வாசகத்தைத் தொடவே இல்லை.

அவர் செய்தது வேறு. மூலக் குவாவில் மேல் பாதி காற்று, கீழ் பாதி மண். கோடு மாறியதும் காற்று வானமாகிறது. மண்மேல் காற்று இருந்த இடத்தில் மண்மேல் வானம். இந்த அசைவை வைத்துக் கோட்டு வாசகத்துக்கு உரை சொன்னார். மாறிய குவா அவருக்கு அந்தக் கோட்டைத் திறக்க உதவிய சாவி.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கோட்டு வாசகம், பிறகு எந்தப் பாதி எதுவாக மாறியது என்பது. மாறிய குவாவின் வாசகத்தைக் கடைசியில், பின்னணிக்காக மட்டும். கோட்டைத் தாண்டிக் குதித்து இரண்டாவது குவாவுக்கு ஓடுபவர்கள், நூல் தங்களுக்கென்று சொன்ன ஒரே வரியைப் படிக்காமல் போகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே மனவருத்தம் உண்டு.

மாறிய குவாவிலும் அதே எண்ணுள்ள கோட்டைப் படிக்கலாமா?

வேண்டாம். அங்கே அது மாறி முடிந்த கோடு. நான்கு, ஐந்து கோடுகள் மாறும்போது மட்டும் மாறிய குவாவின் கோடுகளுக்குப் போகிறோம். அப்போதும் மாறாமல் நின்ற கோடுகளைத்தான் படிக்கிறோம்.

ஒரு கோடும் மாறலை. பதில் வரலைன்னு அர்த்தமா?

பதில் வந்திருக்கிறது. குவா வாசகமே பதில், அதோடு இரு பாதிகளின் உறவும்.

கி.மு. 645-இல் சின் நாட்டு மன்னர் மூ, ஜின் நாட்டின்மேல் படையெடுக்குமுன் குறி கேட்டார். வந்தது 18-ஆம் குவா, ஒரு கோடும் மாறவில்லை. கீழே காற்று, மேலே மலை. குறிகாரர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. உள் பாதியான காற்று நாம், வெளிப் பாதியான மலை அவர்கள். இது இலையுதிர் காலம். அவர்கள் மலையிலுள்ள பழங்களை நம் காற்று உதிர்க்கும், மரங்களையும் நாம் எடுத்துக்கொள்வோம். பழம் உதிர்ந்து மரமும் போனபின் தோற்காமல் என்ன செய்வார்கள் என்றார். அந்தப் போரில் ஜின் நாட்டு மன்னர் சிறைப்பட்டார்.

குவாவில் 'இலையுதிர் காலம்' என்று எழுதியிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த பருவத்தை அவர் உள்ளே கொண்டுவந்தார். மாற்றமில்லாத குவா வந்தால் இப்படி உங்கள் சூழ்நிலையை அதற்குள் வைத்துப் பாருங்கள்.

ரெண்டு கோடு மாறுது. ஒண்ணு நல்லதுங்குது, இன்னொண்ணு கேடுங்குது. எதை நம்புறது?

இரண்டையும் படியுங்கள், மேலே உள்ள கோட்டுக்கு முதலிடம் கொடுங்கள். இது ஜு ஷி வகுத்த விதி (அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்).

போன வருடம் ஒரு தங்கை வேலை மாறுவதைப் பற்றிக் கேட்டாள். காசுகள் கீழிருந்து 7, 7, 6, 9, 7, 7 என்று விழுந்தன. 10-ஆம் குவா, 'மிதித்து நடத்தல்'. மூன்றும் நான்கும் மாறுகின்றன. குவா வாசகம் சொல்வது: புலியின் வாலை மிதிக்கிறான், புலி கடிக்கவில்லை, காரியம் கைகூடும். மூன்றாம் கோடு சொல்வது: ஒற்றைக் கண்ணன் பார்க்க முடியும் என்கிறான், நொண்டி நடக்க முடியும் என்கிறான், புலி வாலை மிதிக்கிறான், புலி கடிக்கிறது, கேடு. நான்காம் கோடு: புலி வாலை மிதிக்கிறான், நடுங்கி நடுங்கி நடக்கிறான், முடிவில் நன்மை. அவள் முகம் வாடிவிட்டது. "கடிக்குமா, கடிக்காதாக்கா?"

இங்கே நூல் தன்னோடு தானே முரண்படவில்லை. புலியும் ஒன்று, வாலும் ஒன்று. நடப்பவன்தான் வேறு. தன்னால் முடியாததை முடியும் என்று நினைத்து நடப்பவனை அது கடிக்கிறது. பயம் தெரிந்து காலை எடுத்து வைப்பவனை விட்டுவிடுகிறது. மேல் கோட்டுக்கு முதலிடம் என்றால் கீழ்க்கோட்டைத் தூக்கிப் போடுவது என்று பொருளல்ல. மூன்றிலிருந்து நான்குக்குப் போ என்று சொல்வதாக நான் படித்தேன். அவளும் அவசரப்பட்டு எழுதி வைத்திருந்த விலகல் கடிதத்தை அனுப்பவில்லை. அந்தப் புது வேலையில் தனக்குத் தெரியாதவை எவை என்று உட்கார்ந்து பட்டியல் போட்டாள்.

மூணு கோடு மாறினா?

பாதிக்குப் பாதி. ஆகவே கோட்டு வாசகங்களை விட்டுவிட்டு, இரு குவாக்களின் குவா வாசகங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூலக் குவாவை 'ஜென்' என்றும் மாறியதை 'ஹுய்' என்றும் சொல்வார்கள். முன்பு பார்த்த சின் நாட்டுக் குறிகாரர் உள் பாதியையும் வெளிப் பாதியையும் இதே இரு சொற்களால்தான் குறித்தார். படிக்கும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

இந்த விதிக்கு மூலம் ஜின் நாட்டு இளவரசர் சோங்அர் கேட்ட குறி. பத்தொன்பது ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தவர். திரும்பி வந்து ஆட்சியைப் பிடிக்கலாமா என்று கேட்டபோது 3-ஆம் குவா வந்து, ஒன்று, நான்கு, ஐந்தாம் கோடுகள் மாறி 16-ஆம் குவா ஆயிற்று. குறிகாரர்கள் எல்லோரும் "அடைபட்டுக் கிடக்கிறது, நல்லதல்ல" என்றார்கள். சிகோங் ஜிசி என்ற துணைவர் மட்டும் மறுத்தார். இரண்டு குவா வாசகங்களிலும் ஒரே தொடர் இருக்கிறதே, 'தலைவரை நிறுவுவது நன்று' என்று. இதைவிட என்ன நல்ல சகுனம் வேண்டும் என்றார். கி.மு. 636-இல் சோங்அர் அரசரானார். மூன்று கோடு மாறும்போது இரு வாசகங்களிலும் பொதுவாக எது வருகிறது என்று தேடுவதை இவரிடமிருந்துதான் கற்றேன்.

நாலு, அஞ்சுன்னு மாறினா தலையே சுத்துதுக்கா.

இப்போது மாறாமல் நின்றவை சிறுபான்மை, பேச வேண்டியவை அவைதான். நான்கு மாறினால் மாறிய குவாவில் மாறாத இரு கோடுகளைப் படியுங்கள், கீழ்க்கோட்டுக்கு முதலிடம். ஐந்து மாறினால் மாறிய குவாவில் மாறாத அந்த ஒற்றைக் கோடு.

ஐந்து மாறிய கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். லூ நாட்டு அரசரின் தாய் மூ ஜியாங். காதலனோடு சேர்ந்து நாட்டின் பெரிய குடும்பங்களைக் கவிழ்க்கச் சூழ்ச்சி செய்தார். அது தோற்று, கிழக்கு அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டார். அங்கே போன புதிதில் குறி பார்த்தார். 52-ஆம் குவா 'அசையாமை' வந்து, இரண்டாம் கோடு தவிர மற்ற ஐந்தும் மாறி 17-ஆம் குவா 'பின்தொடர்தல்' ஆயிற்று. எழுத்தர் "பின்தொடர்தல் என்றால் வெளியேறுதல், சீக்கிரம் வெளியே போவீர்கள்" என்றார். அதன் குவா வாசகம் மிக நல்லது. பெருமை, கைகூடல், நன்மை, உறுதி, குற்றமில்லை.

மூ ஜியாங் ஏற்கவில்லை. அந்த நான்கு குணங்களும் உள்ளவருக்குத்தான் குற்றமில்லை என்கிறது. நான் பெண்ணாய் இருந்து கலகத்தில் சேர்ந்தேன், நாட்டைக் குலைத்தேன், என்னையே கெடுத்துக்கொண்டேன்; ஒன்றும் என்னிடம் இல்லை. நான் இங்கேயே சாவேன், வெளியே வர மாட்டேன் என்றார். கி.மு. 564-இல் அந்த அரண்மனையிலேயே இறந்தார். எழுத்தரே தவறு செய்தார் என்கிறார் ஜு ஷி. ஐந்து மாறினால் மாறாத கோட்டைத்தான் எடுத்திருக்க வேண்டும். பின்தொடர்தலின் இரண்டாம் கோடு சொல்வது: சிறுவனைப் பற்றிக்கொண்டு பெரியவரை இழத்தல். அதை அந்தச் சிறைக்குள் வைத்துப் படித்துப் பாருங்கள். விதி தெரியாமலே அந்த அம்மா சரியாகப் படித்தார். விதியைக் கையில் வைத்திருக்கும் நாம் அந்த நேர்மையையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

ஆறும் மாறினா?

குவாவே முழுதாகப் புரண்டுவிட்டது. மாறிய குவாவின் குவா வாசகத்தைப் படியுங்கள். ஆறும் யாங்கான முதல் குவா சியென், ஆறும் யின்னான இரண்டாம் குவா குன் ஆகிய இரண்டுக்கு மட்டும் முதலில் சொன்ன உபரி வாசகங்கள் உண்டு. சியெனுக்கு: தலையில்லாத டிராகன் கூட்டத்தைக் காணுதல், நன்மை. குன்னுக்கு: நீடித்த உறுதியே நன்று.

இத்தனை கோடு மாறுறது அடிக்கடி நடக்குமா?

மூலமும் மாறியதுமாகச் சேர்த்து 64 × 64 = 4096 முடிவுகள் சாத்தியம். ஒன்றும் மாறாதது ஏறத்தாழ 18 சதவீதம். ஒன்று மாறுவது 36, இரண்டு 30, மூன்று 13, நான்கு 3 சதவீதம். ஐந்து மாறுவது 4096-இல் 18 தடவை. ஆறும் மாறுவது 4096-இல் ஒரே ஒரு தடவை. ஆகவே ஒன்று, இரண்டு கோட்டு விதிகளை நன்றாகப் பழகுங்கள். வாழ்நாளின் பெரும்பகுதிக்கு அவை போதும்.

இந்த விதியெல்லாம் யார் போட்டது? இதுதான் சட்டமா?

சட்டமல்ல. சோங் காலத்து அறிஞர் ஜு ஷி (1130–1200), மாணவர்களுக்காக 1186-இல் முடித்த ஒரு கையேட்டில் பழைய பதிவுகளை வைத்து வகுத்தது. குச்சி எண்ணும் முறையையும் இன்றைய வடிவில் ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். பழைய உரை சில வரிகளில் மட்டுமே அதைச் சொல்லியிருந்தது.

வேறு வழிகளும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டு அறிஞர் காவ் ஹெங், ஆறு எண்களின் கூட்டுத்தொகையை 55-இலிருந்து கழித்து, மீதியைக் கோடுகளின்மேல் ஏறி இறங்கி எண்ணி, நிற்கும் கோட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். 'பிளம் மலர்' முறையில் நேரம், எண்கள் இவற்றைக் கணக்கிட்டு ஒரே ஒரு கோட்டை மட்டும் மாற்றுவார்கள். ஹான் காலத்ததாகச் சொல்லப்படும் 'மாற்றங்களின் காடு' 4096 முடிவுகளுக்கும் தனித்தனிப் பாட்டு வைத்திருக்கிறது. எதில் பழகினாலும் ஒன்றில் நில்லுங்கள். பதில் வந்தபின் எந்த விதி சாதகமாக இருக்கிறது என்று தேடினால், காசு விழுந்தபின் எண்ணை மாற்றும் அதே கதைதான்.

மொபைல் ஆப்ல பார்த்தா செல்லுமா?

செல்லும். அது காசுக் கணக்கில் ஓடுகிறதா, குச்சிக் கணக்கிலா என்று மட்டும் பாருங்கள். சில ஆப்கள் மாறும் கோட்டைக் காட்டாமல் இரண்டு குவாக்களை மட்டும் காட்டுகின்றன. அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கோடு வித்தியாசப்படுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் பிடிக்கலை. மறுபடி போடலாமா?

நூலே பதில் சொல்லிவிட்டது. 4-ஆம் குவாவின் வாசகம்: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய வரி: நான் சிறுபிள்ளையைத் தேடிப் போகவில்லை, சிறுபிள்ளைதான் என்னைத் தேடி வருகிறது. நிலைமை உண்மையில் மாறியிருந்தால் புதுக் கேள்வியாகக் கேளுங்கள். மனசு மட்டும் மாறியிருந்தால் வந்த கோட்டை இன்னொரு தடவை படியுங்கள்.

மாறிய கோடு 'மகா நன்மை'ன்னு சொல்லிச்சு. காரியம் படுத்துடுச்சு. எங்கே தப்பு?

கி.மு. 530-இல் நன் குவாய் என்பவருக்கும் இதேதான் நடந்தது. லூ நாட்டில் ஜி குடும்பத்தின் அதிகாரி. எஜமானுக்கு எதிராகக் கிளம்பத் திட்டம். என்ன காரியம் என்று சொல்லாமலே குறி பார்த்தார். குன்னின் ஐந்தாம் கோடு மாறியது: மஞ்சள் கீழாடை, மகா நன்மை. துள்ளிக் குதித்து ஜிஃபூ ஹுய்போவிடம் காட்டினார். அவர் சொன்னது: நேர்மையான காரியம் என்றால் நடக்கும், இல்லையென்றால் தோற்கும். மஞ்சள் நடுவின் நிறம், கீழாடை கீழே இருப்பவரின் அணி. உள்ளத்தில் விசுவாசமில்லாதவருக்கு அந்த நிறம் பொருந்தாது, பணிவில்லாதவருக்கு அந்த ஆடை பொருந்தாது. ஆபத்தான சதிக்கு இந்த நூலில் குறி கேட்க முடியாது. நன் குவாய் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. கலகம் தோற்று ச்சி நாட்டுக்கு ஓடினார்.

கோட்டு வாசகம் ஒரு ஆளின் நிலையை வரைகிறது. அந்த ஆள் நீங்கள்தானா என்று பார்ப்பது உங்கள் வேலை. மூ ஜியாங் அதைச் செய்தார், நன் குவாய் செய்யவில்லை. உங்கள் காரியத்தில் கேள்வியை எப்படிக் கேட்டீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அந்தக் காலத்துலேயே கோடு 'மாறும்'னு நினைச்சாங்களா? பின்னாடி வந்தவங்க சேர்த்ததுன்னு ஒருத்தர் சொல்றாரு.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சுவோ ஜுவான் கோடுகளை எண்ணிட்டுச் சொல்வதில்லை. 'நோக்குதல் ஜி அடைப்பு' என்ற மாதிரிதான் சொல்லும். 'ஜி' என்ற சொல்லுக்குச் 'செல்லுதல்' என்றும் பொருள், 'உடைய' என்றும் பொருள். நோக்குதல் அடைப்புக்குச் செல்கிறது என்றும் படிக்கலாம், நோக்குதலுடைய அடைப்புக் கோடு என்றும் படிக்கலாம்.

இரண்டாவது வாசிப்புக்கு வலுவான சான்று கி.மு. 513-ஆம் ஆண்டுப் பதிவு. ஜின் தலைநகருக்கு வெளியே டிராகன் தென்பட்டது என்று பேச்சு. சாய் மோ என்ற எழுத்தர், டிராகன்கள் ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தன என்று வாதிட சியென் குவாவின் வரிகளை அடுக்குகிறார். 'மறைந்திருக்கும் டிராகன்' என்ற முதல் கோட்டை 'சியெனின் 44-ஆம் குவா' என்ற பாணியில், குவாவின் பெயர் சொல்லிக் குறிக்கிறார். முதல் கோடு மாறினால் சியென் அந்தக் குவா ஆகும், அதனால் அந்தப் பெயர். அவர் அங்கே காசும் போடவில்லை, குச்சியும் எண்ணவில்லை. வெறும் மேற்கோள். ஆக, மாறிய குவாவின் பெயர் அந்தக் கோட்டுக்கு முகவரியாகவே புழங்கியது. இரண்டாவது குவா எதிர்காலம் அல்ல என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஆனால் ஐந்து மாறிய மூ ஜியாங்கின் குறியும், மூன்று மாறிய சோங்அரின் குறியும் வெறும் முகவரி அல்லவே. அங்கே ஒரு வடிவம் இன்னொன்றாக மாறியதைக் கண்முன் வைத்துத்தான் பேசுகிறார்கள். பாவ்ஷான் என்ற இடத்தில் 1987-இல் அகழ்ந்த கல்லறையில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு இறுதியைச் சேர்ந்த மூங்கில் பட்டைகளில் எண்களாலான ஆறடுக்கு வடிவங்கள் இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஜோடி மூலமும் மாறியதுமா, இல்லை இருமுறை பார்த்த குறியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஒரே கோட்டுக்கு ஒரு புத்தகம் 'உறுதி'ங்குது, இன்னொண்ணு 'குறி கேட்டல்'ங்குது. எது சரி?

அந்த எழுத்து 'ஜென்'. மூ ஜியாங் எண்ணிய நான்கு குணங்களில் கடைசி அதுதான். ஜோவ் காலத்துக்கும் முந்திய ஷாங் மன்னர்களின் ஆமையோட்டு எழுத்துகளில் இதே சொல்லுக்குக் 'குறி கேட்டல்' என்று பொருள். ஆகவே நூல் பிறந்த காலத்தில் அந்தத் தொடர் 'கேட்ட குறிக்கு நன்மை' என்ற அளவில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 'உறுதி' என்பது பின்னால் ஏறிய பொருள். ஆனால் பின்னால் என்றாலும் மூ ஜியாங்கின் காலத்துப் பதிவிலேயே அது ஏறிவிட்டது.

எந்த மொழிபெயர்ப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு மாறி வந்து, வாசகத்தில் 'ஜென்' இருந்தால் நான் இரண்டு பொருளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவேன். கேட்டவரிடம் இரண்டையும் படித்துக் காட்டுவேன். எதைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருக்கிறாரோ, பேச்சை அங்கிருந்து தொடங்குவேன்.